மோரிஸ் ஆட்டத்துக்குச் சலங்கை கட்டலாமா?

சென்ற இதழில் இங்கிலாந்தின் மோரிஸ் ஆட்டம் பற்றி ஒரு பெட்டிச் செய்தி வந்தது. காலில் மணி கட்டி, கைக்குட்டை வீசியோ கழிகளை மோதியோ குழுவாக ஆடும் நாட்டுப்புற ஆட்டம் அது. அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மோரிஸ் ஆட வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கைக்குட்டை வீசும் ஆட்டம்தானே? ஒயிலாட்டம் தெரிந்த பிள்ளைகளுக்கு ரெண்டு வாரம் போதுமா? இருக்கிற சலங்கையையே கட்டிவிடலாமா?
*நடன ஆசிரியை, மயிலாப்பூர்*

ரெண்டு வாரத்தில் அடி வந்துவிடும், சேர்ந்து ஆடுவது வராது. ஆறு வாரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

கைக்குட்டையோடு ஆடுவது காட்ஸ்வோல்ட் வட்டார மோரிஸ். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரிலும் அதைச் சுற்றியும் உள்ள கிராமங்களின் ஆட்டம் இது. மும்மூன்று பேராக இரண்டு வரிசை, மொத்தம் ஆறு பேர். பாம்ப்டன், ஹெடிங்டன், ஆடர்பரி என்று ஊருக்கு ஊர் பாணி மாறும். மெட்டு ஒன்றாக இருந்தாலும் கை வீச்சு வேறாக இருக்கும். யூடியூபில் மூன்று குழுவைப் பார்த்து மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சேர்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. ஒரு ஊரைப் பிடித்துக்கொண்டு அதையே ஆடுங்கள்.

அடிப்படை அடியைத் 'தகதிமி' சொல்லியே கற்றுத்தரலாம். 'தகதி'க்கு வலது, இடது, வலது. 'மி'க்கு அதே வலது காலில் ஒரு துள்ளல், இடது கால் முன்னால் தாழ்வாக நீளும். அடுத்த தகதிமி இடதில் தொடங்கும். மெட்டு 'தகிட தகிட' என்று ஓடினால் நான்கு அடியும் த, ட, த, ட-வில் விழும், 'கி' காலியாக நிற்கும். அந்தக் காலி இடத்தை விழுங்கிவிட்டுச் சம இடைவெளியில் நான்கு அடி போட்டால் ஆட்டம் என்.சி.சி. அணிவகுப்பாகிவிடும்.

பரதம் படித்த பிள்ளைகளிடம் ஒரு சிக்கல் உண்டு. கேட்காமலே முழங்காலை மடக்கி அரைமண்டிக்குப் போவார்கள். இங்கே எடை தரைக்குப் போகக் கூடாது, மேலே எழ வேண்டும். நிமிர்ந்த உடம்பு, முழங்கால் கிட்டத்தட்ட நேர். இறங்கும்போது மட்டும் முன்பாதம் முதலில் பட்டு, குதிகால் மெதுவாகத் தரையைத் தொட, முழங்கால் சற்று மடங்கும். குதிகால் தொடாமலே துள்ளிக்கொண்டிருந்தால் மூன்றாம் நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். வெறும் சிமெண்டுத் தரையில் முதல் வாரம் பத்து நிமிடத்துக்கு மேல் துள்ள விடாதீர்கள். பெசன்ட் நகர் மணலில் பயிற்சி வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம். மணல் துள்ளலைத் தின்றுவிடும், மணியும் ஒலிக்காது.

ஆட்டத்தின் அமைப்பு எளிது. முதலில் மெட்டு ஒருமுறை தனியே ஓடும். ஆடுபவர்கள் நின்று கேட்டு, கடைசியில் ஒரு குதி குதித்துத் தொடங்குவார்கள். பிறகு ஒரு நகர்வு, ஒரு பல்லவி என்று மாறி மாறி வரும். இசைக்காரரை நோக்கிப் போய்த் திரும்புவது, எதிராளியோடு இடம் மாறுவது, முதுகோடு முதுகாகச் சுற்றி வருவது ஆகியவை நகர்வுகள். எல்லாரும் சிக்கிக்கொள்வது ஒவ்வொரு வரிசையிலும் மூன்று பேர் எட்டு வடிவத்தில் பின்னிப் போகும் நகர்வில்தான். பெரும்பாலான ஊர்ப் பாணிகளில் பாதி எட்டுக்கு நான்கு தகதிமி, முழு எட்டுக்கு எட்டு. ஓரத்தில் இருப்பவர்கள் வளைவைக் குறுக்கிக்கொண்டு சீக்கிரம் வந்து சேர்ந்து, மீதித் தாளத்துக்கு நின்ற இடத்திலேயே குதிப்பார்கள். நடுவில் இருப்பவர் அவர்கள்மேல் போய் மோதுவார். சாக்பீஸால் தரையில் எட்டு வரைந்து, கோட்டின்மேல் நடக்க விடுங்கள். நடையில் சரியாக வந்த பிறகுதான் துள்ளல்.

கைக்குட்டை 18 அங்குலச் சதுரம், மெல்லிய பருத்தி. கடையில் வாங்கும் கைக்குட்டை சிறியது. பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் தைத்தால் இன்னும் நன்றாகப் பறக்கும். ஒரு மூலையில் வளையம் தைத்து நடுவிரலில் மாட்டிவிடுங்கள், நழுவாது. வீச்சு தோளிலிருந்து வர வேண்டும். மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் ஈ ஓட்டுவது போலத்தான் இருக்கும். நம்மூர் வியர்வையில் துணி நனைந்து தொங்கிவிடும், ஆளுக்கு ரெண்டு ஜோடி வையுங்கள்.

இனி சலங்கை. கட்டாதீர்கள். வார்ப்புப் பித்தளைச் சலங்கை கணுக்காலில், தரையைத் தட்டும் அடிக்காகச் செய்தது. துள்ளும்போது அதன் எடை காலைக் கீழே இழுக்கும், கணுக்கால் எலும்பும் கன்றிப்போகும். மோரிஸ் மணி மெல்லிய தகட்டில் செய்த உருண்டை மணி, முழங்காலுக்குக் கீழே முன்னங்காலில் கட்டுவது. பாரிமுனைப் பக்கம் அலங்காரப் பொருள் விற்கும் கடைகளில் முக்கால் அங்குல மணி கேட்டுப் பாருங்கள். காலுக்கு 16 மணி போதும். ரெக்சின் பட்டையில் ஒவ்வொன்றையும் தனித்தனியே தையுங்கள், பசை ஒரு ஒத்திகைக்கு மேல் தாங்காது. பட்டைக்கு முழங்காலடியில் ஒரு கட்டு, கணுக்காலுக்கு மேல் ஒரு கட்டு. ஒன்று மட்டும் இருந்தால் பட்டை சுழன்று கெண்டைக்காலுக்குப் போய்விடும்.

மணி கட்டியதும் ஒரு சோதனை. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று கேளுங்கள். ஆறு பேரும் ஒன்றாக இறங்கினால் 'ஜல்' என்று ஒரே ஒலி வரும். 'ஜலஜல'வென்று சிதறினால் யாரோ துள்ளாமல் நடக்கிறார்கள்.

கோலாட்டக் குச்சியால் மோரிஸ் ஆடினோம். ஒரே நாளில் நாலு குச்சி உடைந்தது, ஒரு பையனுக்கு விரல் முட்டியில் அடி. எங்கே தப்பு?
*குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், அடையாறு*

குச்சியிலும் தப்பு, பிடியிலும் தப்பு. கோலாட்டக் குச்சி தட்டுவதற்கு. மோரிஸ் கழி ஓங்கி மோதுவதற்கு. அங்கே ஆஷ், ஹேஸல் போன்ற மரங்களின் நேரான கிளையை அப்படியே வெட்டி எடுப்பார்கள். இழை முனைக்கு முனை ஓடுவதால் சட்டென்று முறியாது. பலகையை அறுத்துக் கடைந்த குச்சியில் இழை சாய்ந்து ஓடினால், அந்தச் சாய்விலேயே கூராக உடைந்து பறக்கும். மூங்கில் நீளவாக்கில் பிளந்து சிலாம்பு ஏற்றும். சிலம்பம் கற்றுத்தருபவர்களிடம் ஒரு அங்குலத் தடிமன் பிரம்பு வாங்கி ரெண்டடி நீளத்தில் வெட்டுங்கள். மோதும் முனைகள் நார்நாராகும், அவ்வளவுதான். ஒத்திகைக்கு முன் ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள், டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம்.

விரலில் அடி படுவது எதிராளியின் கழியில் கீழே அடிப்பதால். மேல் மூன்றில் ஒரு பங்கில்தான் மோத வேண்டும். அங்கே சாயம் பூசிவிடுங்கள், கண் தானாக அங்கே போகும். எதிராளியின் அடியைத் தாங்குபவர் கழியை அசைக்காமல் நிறுத்த வேண்டும். அடிக்குப் பயந்து கடைசி நொடியில் கையை இழுப்பவர்தான் அடி வாங்குவார்.

கத்திகளைப் பின்னி நட்சத்திரமாக்கித் தூக்கிக் காட்டும் ஆட்டமும் மோரிஸ்தானா? கல்லூரி விழாவுக்குச் செய்ய முடியுமா? இரும்புப் பட்டை எங்கே கிடைக்கும்?
*மாணவர், பெரம்பூர்*

உறவுக்கார ஆட்டம். இரண்டு வகை உண்டு. யார்க்‌ஷயரின் நீள்கத்தி ஆட்டத்தில் ஆறு அல்லது எட்டுப் பேர், விறைப்பான கத்தி. நார்தம்பர்லண்ட், டரம் பகுதி நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வளர்ந்த ராப்பர் என்ற வகையில் ஐந்து பேர், வளையும் ஸ்பிரிங் எஃகுப் பட்டை, இருபுறமும் கைப்பிடி, அதில் ஒன்று சுழலும். ராப்பரில் வேகம் அதிகம், விரல்கள் நெருக்கம். அனுபவசாலி இல்லாமல் இரும்புப் பட்டையைத் தேடிப் போகாதீர்கள்.

மரக்கடையில் மூன்றடி நீளம், ஒன்றேகால் அங்குல அகலத்தில் சட்டம் வாங்கி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, நீள்கத்தி ஆட்டத்தில் தொடங்குங்கள். வட்டமாக நின்று தன் கத்தியின் பிடி வலது கையில், பக்கத்து ஆளின் கத்தி முனை இடது கையில். ஆட்டம் முழுக்க இந்தச் சங்கிலி அறுவதில்லை. தாண்டுவது, குனிந்து நுழைவது, சுற்றி வருவது எல்லாம் பிடியை விடாமலே. கத்திகளை நட்சத்திரமாகப் பின்னிப் பூட்டுப் போடும்போது எல்லாரும் வலது கையை இடதுக்கு மேலே குறுக்காக வைத்து நெருங்க வேண்டும். ஒருவர் மாற்றிப் போட்டாலும் பின்னல் விழாது, தூக்கியதும் கழன்று தலையில் கொட்டும். மெதுவாக ஐந்து முறை பூட்டி, ஒருவர் பிடித்துக் குலுக்கியும் கழலாவிட்டால்தான் தலைக்கு மேல் தூக்க அனுமதியுங்கள்.

வயலின் வாசிக்கிறேன். என்ன வேகம்? தவில் சேர்க்கலாமா?
*வாசகர், தி.நகர்*

எட்டுத் தகதிமி சுமார் பத்து நொடியில் முடியட்டும். அதைவிட விரட்டினால் பிள்ளைகள் துள்ளலை விட்டுவிட்டு ஓடத் தொடங்குவார்கள். பார்வை நோட்டில் இருக்கக் கூடாது, காலில் இருக்க வேண்டும். உயரமாகக் குதிக்கும் இடத்தில் அவர்கள் இறங்கும்வரை வில்லை இழுத்துப் பிடியுங்கள். பழைய நாளில் ஒரே ஆள் இடது கையால் மூன்று துளைக் குழலும் வலது கையால் சிறு மேளமும் வாசித்தார். பிறகு ஃபிடிலும், துருத்தி வைத்த கருவிகளான கான்சர்டினா, மெலோடியனும் வந்தன. தவில் மணியோசையை அமுக்கிவிடும். கஞ்சிரா போதும்.

இது இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான சூரிய வழிபாட்டு நடனம் என்று படித்தேன். பெண்கள் ஆடக் கூடாது என்றும் சொல்கிறார்களே?
*வாசகி, வேளச்சேரி*

இரண்டையும் நம்பாதீர்கள். இங்கிலாந்தில் கிடைக்கும் முதல் குறிப்பு 1448-ஆம் ஆண்டுடையது. லண்டன் பொற்கொல்லர் சங்கம் ஆட்டக்காரர்களுக்கு 7 ஷில்லிங் கொடுத்த கணக்கு அது. ஆபட்ஸ் பிராம்லி ஊரில் கலைமான் கொம்புகளைத் தூக்கி ஆடுகிறார்கள். அந்தக் கொம்புகள் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கார்பன் சோதனை சொல்கிறது. ஆனால் அங்கே கொம்போடு ஆடியதற்கு முதல் எழுத்துச் சான்று 1686-இல்தான். பொருளின் வயதை ஆட்டத்தின் வயதாக்கக் கூடாது.

1600-இல் வில்லியம் கெம்ப் என்ற நடிகர் லண்டனிலிருந்து நாரிச் வரை மோரிஸ் ஆடிக்கொண்டே போனார். சட்பரியில் கூட ஆட வந்த ஆண் பாதியில் கழன்றுகொள்ள, ஒரு பெண் மணியை வாங்கிக் கட்டிக்கொண்டு ஒரு மைல் ஆடியதாக அவரே எழுதியிருக்கிறார். 1905-இல் மேரி நீல் லண்டனில் தையல் வேலை செய்த பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு ஆட்டத்தைக் கொடுத்தவர் ஹெடிங்டன் கான்சர்டினா கலைஞர் வில்லியம் கிம்பர். பெண்களுக்கென மோரிஸ் கூட்டமைப்பு 1975-இல் வந்தது. "ஆண்களுக்கு மட்டும்" என்ற சட்டமெல்லாம் 20-ஆம் நூற்றாண்டில் சில சங்கங்கள் போட்டுக்கொண்டது.

பழைய படங்களில் முகத்தில் கரி பூசியிருக்கிறார்களே, நாங்களும் பூசலாமா?
*வாசகர், அண்ணா நகர்*

வேண்டாம். அது வேல்ஸ் எல்லையோர பார்டர் மோரிஸிலும் வேறு சிலவற்றிலும் இருந்தது. ஆளடையாளம் தெரியாமல் இருக்கப் பூசினார்கள் என்பார்கள். கறுப்பர்களைக் கேலி செய்த 19-ஆம் நூற்றாண்டு மேடைக் கூத்துகளின் சாயலும் அதில் படிந்திருக்கிறது. 2020-இல் மோரிஸ் அமைப்புகளே முழு முகக் கறுப்பைக் கைவிடச் சொல்லிவிட்டன. பல குழுக்கள் நீலம், பச்சைக்கு மாறிவிட்டன. சென்னை வெயிலில் எந்தச் சாயமும் கால் மணி நேரத்தில் கண்ணுக்குள் வழியும். துணிக் கீற்றுகள் தைத்த சட்டை, முகமூடி போதும். கீற்றுகள் முழங்காலுக்குக் கீழே தொங்கினால் கழியில் சுற்றிக்கொள்ளும், இடுப்போடு வெட்டிவிடுங்கள்.