'திதி' படத்தை விமர்சகர்கள் அவ்வளவு புகழ்ந்தார்களே, வீட்டில் பார்த்தால் ஏன் சிரிப்பு வரவில்லை?

நீங்கள் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

விமர்சகர்கள் பொய் சொல்லவில்லை. ராம் ரெட்டியின் இந்தக் கன்னடப் படத்துக்கு 2015-ல் சுவிட்சர்லாந்தின் லோகார்னோ திரைப்பட விழாவில் ஒரு 'தங்கச் சிறுத்தை' விருதும் சிறந்த முதல் படத்துக்கான விருதும் கிடைத்தன. பிறகு தேசிய விருது. மண்டியாப் பக்கத்துக் கிராமத்து ஆட்களே நடித்திருப்பதை எல்லாரும் வியந்தார்கள். 101 வயதுக் கிழவர் சாகிறார், 11-ம் நாள் காரியத்துக்குள் மகன், பேரன், கொள்ளுப்பேரன் ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். நிலப் பிரச்சினை இல்லாத வீட்டில் பார்த்தால் நல்ல நகைச்சுவைதான்.

எங்கள் வீடு கடலூர் முதுநகர். அப்பாவுக்குக் கன்னடமும் தெரியாது, கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தும் படிக்க வராது. நான்தான் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கிழவரின் மகன் கடப்பா குடித்துவிட்டுச் சுற்றுகிற இடமெல்லாம் அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, நிலத்தை விற்பதற்காகப் பேரன் தம்மண்ணா, உயிரோடு இருக்கிற தன் அப்பா கடப்பா செத்துவிட்டதாகப் போலிச் சான்றிதழ் வாங்குகிற இடம் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பண்ருட்டிப் பக்கம் தாத்தாவுக்கு ஒன்றரைக் காணி முந்திரித் தோப்பு இருந்தது. அக்கா கல்யாணத்துக்கு அப்பா அதை விற்றார். தாத்தா அரை நினைவில் படுத்திருந்தபோது கட்டைவிரலில் மை தடவிக் கைநாட்டு வாங்கினார். தாத்தா அழகாகக் கையெழுத்துப் போடுவார். எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு அப்பாவோடு பேச்சே இல்லை. ஒரே வீட்டில் நான்கு வருடம். "ஒங்கப்பன சாப்பிடச் சொல்லு" என்று என்னிடம்தான் சொல்வார்.

இதைப் படித்துவிட்டு அப்பாவைக் குற்றவாளி என்று பின்னூட்டம் போட வராதீர்கள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது கையில் காசில்லாமல் நின்ற மனிதர் அவர். பத்திரம், பட்டா என்றாலே எனக்கு எரிகிறது. வீட்டு மனைப் பட்டாவில் தாத்தா பெயரில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. அதைத் திருத்த ஓர் அலுவலகத்துக்கு இரண்டு வருடமாக நடக்கிறேன். போகும்போதெல்லாம் புதிதாக ஒரு நகல் கேட்கிறார்கள். பிழை விட்டவர்கள் அவர்கள், அரை நாள் சம்பளம் போவது எனக்கு.

படத்துக்கு வருகிறேன். உங்களுக்குச் சிரிப்பு வராததில் தப்பே இல்லை. பக்கத்தில் இருந்தவர் முகத்தைப் பார்த்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா."

"அப்பன் செத்துட்டான்னு எழுதி வாங்குறான், அதானே? இதுக்கு பாஷ வேற தெரியணுமா?"

படத்தை அணைக்க விடவில்லை. கடைசிவரை பார்த்தார். விளக்கைப் போட்ட பிறகு, தாத்தா செத்து இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவரைப் பற்றிப் பேசினார்.

"கடைசி நாள்ல அவரு எங்கிட்ட தண்ணி கேட்டாருடா. என்னப் பாத்துதான் கேட்டாரு. நான் சொம்ப எடுக்கறதுக்குள்ள ஒங்கம்மா குடுத்துட்டா."