வாசகர் கேள்வி – பதில்: மலையிறக்கத்தில் யெஸ்டி

கேள்வி: அப்பா ஓட்டிய யெஸ்டி ரோட்கிங் மோட்டார் சைக்கிளை ஊட்டியில் வைத்திருக்கிறேன். குன்னூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் இறங்கும்போது, பர்லியாறு அருகே என்ஜின் இறுகி நின்றுவிட்டது. ஊட்டியிலோ புகை அதிகமாக வருகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், உதகை

பதில்: உங்கள் வண்டி டூ ஸ்ட்ரோக் வகை, பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பிஸ்டனுக்கும் உயவு என்பதால், ஆக்சிலேட்டரை முழுவதும் மூடியபடி கியரில் நெடுந்தூரம் இறங்கினால், என்ஜின் வேகமாகச் சுழன்றும் ஆயில் மிகக் குறைவாகவே உள்ளே போகும், சூடேறிய பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே, இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரைச் சற்று முறுக்கி விடுங்கள். பிரேக்குகள் டிரம் வகை. அவை சூடேறாமல் இருக்க, விட்டுவிட்டுப் பிடிப்பதே நல்லது.

புகைக்கு வருவோம். ஊட்டியின் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் மிகுந்து ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஊசியை இறக்கினால் புகை குறையும். ஆனால் அதே அமைப்போடு சமவெளியில் விரட்டினால் என்ஜின் மீண்டும் இறுகலாம். அடிக்கடி கீழே இறங்குபவர் ஊசியைத் தொடாமல், மாற்று பிளக் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்வதே என் தேர்வு. சிலிண்டரைக் கழற்றிக் கீறல் பார்க்காமல் அடுத்த பயணம் வேண்டாம்.