பேசாமல் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய தொலைக்காட்சி போன மாதத்து இடியோடு கண்ணை மூடிவிட்டது. கனடாவில் இருக்கும் மகன், "காசு அனுப்புகிறேன், 55 அங்குலத்தில் ஒன்று எடுங்கள்" என்கிறான். இவரோ 43 போதும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். பேசாமல் பெரியதையே வாங்கிவிடலாமா? வாங்கினால் முதலில் என்ன பார்க்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.
— பெயர் போட வேண்டாம் என்ற வாசகி, உரும்பிராய்

பதில்: வாங்குங்கள் அம்மா. ஆனால் பேசாமல் வாங்காதீர்கள்.

கடைக்காரர் முதலில் சொல்வது உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் விலை. மகன் கனடாவில் இருக்கிறான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், அது டொலரைப் பார்த்துச் சொல்லும் விலையாகிவிடும். "கடைசி விலை என்ன?" என்று கேளுங்கள். ஒன்றைச் சொல்வார். அது கடைசிக்கு முந்திய விலை. செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்குங்கள். உண்மையான கடைசி விலை படிக்கட்டில்தான் கிடைக்கும்.

நீங்கள் கேட்டது இதை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் "பேசாமல்" என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. எங்கள் ஊரில் வாய் திறந்து நாலு வார்த்தை பரிமாறுவதற்குப் பெயர் கதைப்பது. பேசுவது வேறு. அம்மா பேசினார் என்றால் பிள்ளை ஏச்சு வாங்கியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பேச வந்தார்கள் என்றால் பெண்ணின் தகப்பனுக்கு அலுமாரிக்குள் இருக்கும் காணி உறுதி ஞாபகத்துக்கு வரும். ஆகவே உங்கள் கேள்வியை நான் நாலு விதமாக வாசித்தேன். அவரோடு கலந்து கதைக்காமல் வாங்கலாமா? அவரிடம் பேச்சு வாங்காமல் வாங்கலாமா? விலை பேசாமல் வாங்கலாமா? நாலாவதுதான் எனக்குப் பிடித்தது: பேசாமல் இருக்கத் தெரிந்த ஒரு தொலைக்காட்சியை வாங்கலாமா?

முதல் இரண்டும் உங்கள் குடும்ப விவகாரம். மூன்றாவதற்குப் படிக்கட்டு இருக்கிறது. நாலாவதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு.

இப்போது வரும் தொலைக்காட்சிகளுக்கு வாய் மட்டுமல்ல, காதும் இருக்கிறது. ரிமோட்டில் ஒரு பொத்தானை அமத்திக்கொண்டு வேண்டியதைச் சொன்னால் அது தேடிப் போடும். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. சின்னம்மாவுக்கு வயது 81. முதல் நாள் அந்த ரிமோட்டை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நேற்று விட்ட இடத்திலிருந்து அந்த நாடகத்தை ஒருக்கால் போடும்" என்றார். கவனியுங்கள், "போடு" அல்ல, "போடுங்கள்" அல்ல, "போடும்". நீ என்றால் குறைவு, நீங்கள் என்றால் கூடுதல். அறியாத இளந்தாரிப் பிள்ளைக்கு நீர் என்பதே அளவு. யாழ்ப்பாணத்தார் நூற்றாண்டுகளாகப் பொத்திக் காத்த அந்த நடு மரியாதையைச் சின்னம்மா ஒரு கறுப்புக் கண்ணாடிக்குக் கொடுத்தார். அது என்ன சொன்னது தெரியுமா? "மன்னிக்கவும், புரியவில்லை."

சின்னம்மாவுக்குக் கோபம் வந்தது நாடகம் வராததால் அல்ல. "விளங்கவில்லை என்று சொல்லத் தெரியாதோ இதற்கு?" என்றார்.

கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017 முதல் தமிழைக் கேட்கிறது. மொழிப் பட்டியலில் "தமிழ் (இலங்கை)" என்று தனி வரிகூட இருக்கிறது. அந்த வரியைத் தெரிவுசெய்து கொடுத்தேன். அதன் பிறகும் சின்னம்மாவின் "தம்பி"யைப் படத்தின் பெயர் என்றே அது எடுத்துக்கொண்டது. மரியாதையை வெட்டிவிட்டு நாடகத்தின் பெயரை மட்டும் சொன்னால் உடனே வருகிறது. சின்னம்மா மறுத்துவிட்டார். மட்டுமரியாதை தெரியாத பெட்டியோடு இனித் தனக்குக் கதை இல்லையாம். அன்றிலிருந்து அவர் என்னிடம் சொல்ல, நான் பொத்தானை அமத்துகிறேன். இந்த ஏற்பாட்டுக்கு ஏன் இவ்வளவு காசு கொடுத்தோம் என்று கேட்காதீர்கள்.

பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. "மதிலில் மாட்டும் பலகையை இன்னும் ஏன் பெட்டி என்று எழுதுகிறீர்?" என்று மானிப்பாயிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாதம் தவறாமல் அஞ்சலட்டை போடுகிறார். ஐயா, உங்கள் அட்டைகளை நான் போட்டு வைத்திருப்பதும் ஒரு பெட்டியில்தான்.

என்னைப் பொறுத்தவரை, வீட்டில் இருக்கும் ஒரு கருவிக்கு வாய் எப்படி என்பது இரண்டாம் பட்சம். அதை எவ்வளவு விரைவாக மூடலாம் என்பதே முதல் பட்சம். இந்த ஞானம் எனக்கு 1991இல் வந்தது. அதற்கு முந்திய ஆண்டு போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோயிருந்தது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். இரவில் ஜாம் போத்தல் விளக்கு. வானொலி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். நாலு பற்றரி போடும் வானொலிக்கும் 6 வோல்ட்தான் தேவை. டைனமோ தருவது ஆடலோட்டம் என்பதால் இடையில் நாலு டயோட் வைத்து நேராக்கிக் கொடுப்போம். கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது. பொருந்தாதது என் கை மட்டும்.

இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. எங்கள் விறாந்தையில் அயலட்டை முழுவதும் வந்து குந்தியிருக்கும். எனக்குப் பத்தொன்பது வயது. சுற்றுவது என் வேலை. வேகம் குறைந்தால் லண்டன் கரகரத்து மங்கும், விறாந்தை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்க்கும். ஒலிநாடாவில் பாட்டுப் போட்ட நாட்களில் இன்னும் மோசம். கை சோர்ந்தால் பாடகிக்கு ஆண் குரல் வந்துவிடும். இருந்தாலும் அந்த அரை மணி நேரம் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பேச்சுக்கு மனிதர் ஒருவர் வியர்வை சிந்த வேண்டியிருந்தால் அதில் வீண்பேச்சுக் குறையும் என்பதை அப்போது கண்டுகொண்டேன். இன்றைய செய்தி விவாதங்களில் கத்துகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு தலைகீழ்ச் சைக்கிளை வைத்தால் எத்தனை நிமிடத்துக்குத் தாங்குவார்கள்?

தொலைக்காட்சியையாவது மூடலாம். எங்கள் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கிக்கு ரிமோட் இல்லை. இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனை தரம் எழுதினேன் என்ற கணக்கை விட்டுவிட்டேன். ஒரு தரம் எங்கள் மெய்ப்புப் பார்ப்பவர், ஒலிக்கும் ஒளிக்கும் வேற்றுமை பாராத சமரச சன்மார்க்கி, அதை "ஒளிபெருக்கி" என்று அச்சேற்றிவிட்டார். அவரோடு மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. நாலாம் நாள் விடிய நாலரை மணிக்குக் கோயில் தூக்கத்தைக் கலைத்தபோது யோசித்தேன்: ஒளிபெருக்கி நல்ல கருவி அல்லவா? திருவிழாவுக்குப் பத்து ஒளிபெருக்கி கட்டட்டும். வெளிச்சம் வரும், யன்னலைச் சாத்தினால் போய்விடும். அன்று காலை மெய்ப்புக்காரருக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

சரி, அங்குலத்துக்கு வருகிறேன். அங்குலம் என்று கடையில் சொல்வது மூலைக்கு மூலை குறுக்காக அளந்த நீளம். 55 அங்குலம் என்றால் அகலம் 4 அடி, உயரம் 2 அடி 3 அங்குலம். அந்த அளவுக்குப் பழைய பத்திரிகைத் தாளை வெட்டி மதிலில் ஒட்டி, இரண்டு நாள் எதிரில் இருந்து பாருங்கள். எங்கள் சஞ்சிகையை வெட்ட வேண்டாம். அதற்கென்று தினசரிகள் இருக்கின்றன. கதிரைக்கும் மதிலுக்கும் இடையில் ஏழு அடிக்கு மேல் இருந்தால் மகன் வென்றார். ஆறு அடிக்குள் என்றால் உங்கள் வீட்டுக்காரர் வென்றார். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் என்றால் என்னிடம் கேட்காதீர்கள், கதிரையை நகர்த்துங்கள்.

மெல்லிய தொலைக்காட்சிகளில் ஒலிபெருக்கி பெரும்பாலும் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்திருக்கும். வசனம் மதிலில் மோதித்தான் உங்கள் காதுக்கு வரும். தெளிவு இல்லையென்று நீங்கள் சத்தத்தைக் கூட்டுவீர்கள். அடுத்த வளவுக்காரர் உங்களைப் பற்றி எனக்குக் கேள்வி எழுதுவார். அங்குலத்தில் மிச்சம் பிடித்த காசுக்குத் தனியாக ஒரு ஒலிபெருக்கி எடுப்பது புத்தி. இடி முழங்கத் தொடங்கும் முன்பே பிளக்கை மட்டுமல்ல, அன்ரனா வயரையும் கழற்றிவிடுங்கள். முதலாவதை எது கொண்டுபோனது என்பதை மறக்க வேண்டாம்.

கடையில் எல்லோரும் ரிமோட்டை வாங்கிச் சத்தத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் சத்தத்தை நிறுத்தும் பொத்தானைத் தேடுங்கள். இருட்டிலும் விரலுக்கு அகப்படுகிறதா? ஒரே அமத்தில் மூடுகிறதா? அதில் தேறினால் எடுங்கள்.

முதலில் என்ன பார்க்கலாம்? 1931இல் "காளிதாஸ்" வந்து தமிழ்ப் படத்துக்கு வாய் திறந்துவிட்டது. அன்று திறந்த வாயை அது மூடியதாகத் தெரியவில்லை. 56 வருடம் கழித்து, 1987இல், சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த ஒரு படம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு வசனமும் இல்லாமல் ஓடியது. தமிழில் அதற்கு வைத்த பெயர் "பேசும் படம்". அதையே முதலில் போடுங்கள். மூவரும் சேர்ந்து பாருங்கள், மகன் அங்கிருந்து கைத்தொலைபேசியில் பார்க்கட்டும். அந்த இரண்டு மணி நேரமாவது அங்குலத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மூன்றாவது ஆள் யார் என்று யோசிக்கிறீர்களா? சின்னம்மாவை அனுப்பிவைக்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் பேசுவதைப் பற்றி மேலே பாதியில் விட்டுவிட்டேன். அடுத்த இதழில் யாராவது கேட்டால் எழுதுகிறேன். கேட்காவிட்டாலும் எழுதுவேன்.