ஊர் மாறும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோவையில் ஆண்டுக்கு 12 லட்சம் சிடிசியில் (நிறுவனம் எனக்காகச் செய்யும் மொத்தச் செலவு) வேலை பார்க்கிறேன். பெங்களூரில் 16 லட்சத்துக்கு ஆஃபர் வந்திருக்கிறது. அதில் 10 சதவீதம் வேரியபிள் பே, அதாவது செயல்பாட்டைப் பொறுத்துத் தரும் தொகை. இங்கே வாடகை 14,000 ரூபாய். ஒயிட்ஃபீல்டு பக்கம் பார்த்த வீட்டுக்கு 32,000 கேட்கிறார்கள். மனைவி இங்கே தனியார் பள்ளி ஆசிரியை. போகலாமா?

பதில்: நான்கு லட்சம் கூடுகிறது என்பது ஆஃபர் கடிதத்தில் உள்ள கணக்கு. மாதாமாதம் வங்கியில் என்ன ஏறும் என்பதை முதலில் பார்ப்போம். இரண்டு இடங்களிலும் அடிப்படைச் சம்பளம் சிடிசியில் பாதி என்றும், அதில் 12 சதவீதம் பிஎஃப்புக்கு உங்கள் பங்காகவும் அதே அளவு நிறுவனத்தின் பங்காகவும் போகிறது என்றும், அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதமான கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) நிறுவனத்தின் பிஎஃப் பங்கும் சிடிசிக்குள்ளேயே அடக்கம் என்றும் வைத்துக்கொண்டால், கோவையில் உங்கள் கைக்கு வருவது மாதம் சுமார் 85,600 ரூபாய்; பெங்களூரில் சுமார் 93,100 ரூபாய். வித்தியாசம் 7,500 ரூபாய்தான். புதிய வருமான வரி முறையில், 2025-26 நிதியாண்டு முதல், நிலைக்கழிவையும் (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) சேர்த்து 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குபவருக்கு வரி இல்லை என்பதால் இன்று நீங்கள் வரியே கட்ட வேண்டியதில்லை. புதிய சம்பளத்திலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 92,000 ரூபாய் வரி வந்துவிடுகிறது. வேரியபிள் பே 1.6 லட்சம் ஆண்டு முடிவில்தான் வரும், அதுவும் முழுதாக வரும் என்ற உறுதி கிடையாது. பிஎஃப்பில் சேர்வது உங்கள் பணம்தான், ஆனால் அதைக்கொண்டு மாத வாடகை கட்ட முடியாது.

7,500 ரூபாய் கூடும் இடத்தில் வாடகை மட்டும் 18,000 கூடுகிறது. பெங்களூரில் அட்வான்ஸாக ஐந்து மாத வாடகை முதல் பத்து மாத வாடகை வரை கேட்கும் வழக்கம் உண்டு. அதாவது ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சத்துக்கு மேல் வட்டியில்லாமல் வீட்டுக்காரரிடம் கிடக்கும், காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டே திருப்பித் தருவார்கள். அடுக்குமாடி வீடானால், கோடையில் டேங்கர் தண்ணீருக்குத் தனியாக வாங்குகிறார்களா, மெயின்டனன்ஸிலேயே சேர்ந்துவிடுகிறதா என்று வாட்ச்மேனிடமோ பக்கத்து வீட்டிலோ விசாரியுங்கள். மின்சாரத்தில் ஓரளவு ஆறுதல் உண்டு: கர்நாடகத்தின் கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு, வாடகைக்கு இருப்பவர்கள் உட்பட, அந்த வீட்டுக்கு நிர்ணயித்த அளவு வரை கட்டணம் இல்லை. ஆனால் தனி மீட்டர் இருக்க வேண்டும்.

மனைவிக்கு அங்கே வேலை கிடைக்கும்வரை அவருடைய சம்பளம் நின்றுபோகும். எனக்கு வரும் கணக்குகள் பெரும்பாலானவற்றில் விடுபட்டுப்போவது இந்த இழப்புதான் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஒரு குடும்பத்தின் வருமானத்தை ஒருவருடைய ஆஃபர் கடிதத்தை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது.

இந்த எண்களோடு போக வேண்டாம் என்பதே என் கருத்து. வேரியபிள் பே முழுவதையும் நிலையான சம்பளத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் வாடகை வித்தியாசம் போக மாதம் 2,800 ரூபாய் அளவுக்கே மிஞ்சும் என்பதால், வீடு மாற்றும் செலவையும் நிறுவனத்திடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

கேள்வி: நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்து மதுரையையும் சென்னையையும் ஒப்பிடலாமா?

பதில்: கூடாது. தொழிலாளர் பணியகம் வெளியிடும் தொழிலாளர்களுக்கான குறியீட்டெண்ணில் ஒவ்வொரு மையத்துக்கும் 2016ஆம் ஆண்டின் விலை 100 என்று வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஊரில் அதன்பின் விலை எவ்வளவு ஏறியது என்பதை மட்டுமே அது சொல்லும். இரண்டு ஊர்களில் எது செலவு பிடித்தது என்பதைச் சொல்லாது. எண் குறைவாக உள்ள ஊரில் வாடகை கூடுதலாக இருக்கலாம். தோராயமான அளவுகோல் வேண்டுமானால் மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப்படியைப் பாருங்கள்: 2024 ஜனவரி முதல் சென்னை போன்ற எக்ஸ் பிரிவு நகரங்களில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், மதுரை, கோவை, திருச்சி, சேலம் போன்ற ஒய் பிரிவு நகரங்களில் 20 சதவீதம். ஆனால் வேளச்சேரி வாடகையும் ஆவடி வாடகையும் ஒன்றல்ல என்பதால், அலுவலகத்திலிருந்து பஸ்ஸோ ரயிலோ நேராகப் போகும் இரண்டு மூன்று பகுதிகளில் நேரில் விசாரிப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

கேள்வி: தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட காரை வேறு மாநிலத்துக்கு எடுத்துச் செல்லலாமா?

பதில்: செல்லலாம். ஆனால் 12 மாதங்களுக்கு மேல் அங்கேயே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். இங்குள்ள ஆர்டிஓ அலுவலகத்தில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, அங்கே சாலை வரி கட்டிய பிறகே இங்கு கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்க முடியும். பழைய காரானால் அந்த வரியை விசாரித்துவிட்டு, விற்றுவிட்டுப் போவது மேலா என்று யோசியுங்கள்.

கேள்வி: துபாயில் மாதம் 6,000 திர்ஹாம் என்கிறார்கள். குடும்பத்தோடு போகலாமா?

பதில்: சம்பளத்துக்கு அங்கே வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆயினும் அந்த 6,000க்குள் தங்குமிடமும் அடக்கமா, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வேலை முடிந்து வரும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் என்று, அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்தே கணக்கிடப்படும். தனி வீடு எடுத்தால் ஆண்டு வாடகையைச் சில காசோலைகளாக முன்கூட்டியே தர வேண்டியிருக்கும்; ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாகத் தண்ணீர், மின்சார பில்லோடு மாதந்தோறும் பிரித்து வரும். இந்தியப் பிள்ளைகள் அங்கே பெரும்பாலும் தனியார் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள் என்பதால் பள்ளிக் கட்டணமே கணக்கைப் புரட்டிவிடும். முதல் ஆண்டு நீங்கள் மட்டும் போய்ப் பார்ப்பதே நல்லது. விசா செலவை உங்களிடம் யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம், அதை முதலாளியே ஏற்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். புறப்படும் தேதியையும் கவனியுங்கள்: வேலைக்காக வெளிநாடு செல்பவர் ஒரு நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால்தான் அந்த ஆண்டின் துபாய்ச் சம்பளம் இங்குள்ள வரிக் கணக்கில் வராது, ஆகவே செப்டம்பர் 28க்குள் விமானம் ஏறுவதற்கும் அக்டோபரில் ஏறுவதற்கும் வேறுபாடு உண்டு.