மூட்டுவலி அம்மாவோடு சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடம் போகலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அம்மாவோடு போகிறேன். தேசியக் கலைக்கூடத்தைக் கட்டாயம் பார்க்கச் சொல்கிறான். எங்களுக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது, அம்மாவுக்கு மூட்டுவலி வேறு. அரை நாள் ஒதுக்கலாமா?

பதில்: தாராளமாக ஒதுக்குங்கள். ஓவியம் தெரியாவிட்டால் என்ன, அந்தக் கட்டடத்துக்காகவே போகலாம். 1929இல் கட்டி முடித்த நகர மண்டபத்தையும் 1939இல் திறந்த பழைய உச்ச நீதிமன்றத்தையும் இணைத்து, 2015இல் கலைக்கூடமாகத் திறந்தார்கள்.

அம்மாவை முன்பக்கப் படிகளில் ஏற்ற வேண்டாம். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே இருக்கும் வாசலில் நுழைந்தால் லிஃப்ட் உண்டு. உள்ளே ஏசி குளிர் அதிகம். ஒரு சால்வை இருக்கட்டும்.

உள்ளே போகும் முன் எதிரே உள்ள பாடாங் திடலைக் கொஞ்சம் பாருங்கள். 1943 ஜூலை 5 அன்று நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, 'டில்லி சலோ' என்று முழங்கியது இங்கேதான். மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் எத்தனையோ பேர் அந்தப் படையில் இருந்தார்கள். அம்மாவிடம் இதை அங்கேயே நின்று சொல்லுங்கள், வீட்டில் சொல்வது போல இருக்காது.

அப்புறம் நகர மண்டபத்தின் பெரிய கூடம். 1945 செப்டம்பர் 12 அன்று இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானியர்கள் பிரிட்டிஷ் தளபதி மவுண்ட்பேட்டனிடம் சரணடைந்தது அந்த அறையில். 1959 ஜூன் 5 அன்று சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூவின் அமைச்சரவை பதவியேற்றதும் அதே அறையில்தான். சில நாள்களில் நிகழ்ச்சி நடக்கும், அதனால் தகவல் மேசையில் கேட்டுவிட்டு மேலே போங்கள். டிக்கெட் இல்லாமல் எதுவரை பார்க்கலாம் என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

நீதிமன்றப் பக்கம் கைதிகளை அடைத்துவைத்த அறைகளைத் தவறவிடாதீர்கள். கீழ்த்தளத்தில் 1937இல் நாட்டிய அடிக்கல்லும் இருக்கிறது. அதன் அடியில் அன்றைய செய்தித்தாள்களும் நாணயங்களும் புதைத்திருக்கிறார்கள். 3000ஆம் ஆண்டில்தான் எடுக்க வேண்டுமாம்!

ஓவியத்தில் ஒன்றே ஒன்று போதும் என்றால், சுவா மியா டீ 1959இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' எங்கே என்று கேளுங்கள். மலாய் கற்க உட்கார்ந்திருக்கிறார்கள். கரும்பலகையில் இரண்டே கேள்விகள்: உன் பெயர் என்ன? எங்கே வசிக்கிறாய்?