பிரெஞ்சு சமையல் பழக முதலில் வெண்ணெயைக் கவனியுங்கள்

கேள்வி: பிரெஞ்சு சமையலின் அடிப்படையை வீட்டிலேயே கற்றுக்கொள்ள ஆசை. முதல் முயற்சியாக குரோசான் செய்தேன். வெண்ணெய் உருகி ட்ரே முழுக்க வழிந்துவிட்டது. ஒயின் சேர்ப்பதில்லை, பெரிய ஓவனும் இல்லை. மற்ற சாஸ்களுக்கெல்லாம் அடிப்படையான 'தாய் சாஸ்' ஐந்தையும் முதலில் கற்க வேண்டும் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: குரோசானை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மாவின் மடிப்புகளுக்கு நடுவே வெண்ணெய் கெட்டியாக இருந்தால்தான் அது அடுக்கடுக்காக வரும். முப்பது டிகிரியைத் தாண்டும் சென்னை அடுப்படியில் வெண்ணெய் அப்படி நிற்காது. பிரான்சிலேயே பெரும்பாலோர் அதைக் கடையில்தான் வாங்குகிறார்கள்.

ஐந்து சாஸ் பட்டியலும் உங்களுக்கு இப்போது வேண்டாம். ஓகுஸ்த் எஸ்கோஃபியே போன்ற பிரெஞ்சு சமையல் வல்லுநர்கள் பெரிய ஹோட்டல் சமையலறைகளுக்காக ஒழுங்குபடுத்திய முறை அது. 1903-ல் வந்த எஸ்கோஃபியேவின் கையேடும் தொழில்முறைச் சமையல்காரர்களை மனதில் வைத்து எழுதியதுதான். வீட்டில் பழகுகிறவர் கவனிக்க வேண்டியது, எந்தச் சூட்டில் வெண்ணெய் என்ன ஆகிறது என்பதை. அதற்கு மூன்று சமையல் போதும். உப்பில்லாத வெண்ணெய் வாங்கிக்கொள்ளுங்கள். உப்பு சேர்த்ததில் சாஸைச் சுண்டவிட்டால் உப்புக் கரித்துவிடும்.

முதலில் ஆம்லெட். மூன்று முட்டை, 15 கிராம் வெண்ணெய், சிறிய நான்ஸ்டிக் தவா. வெண்ணெய் உருகியதும் சலசலவென்று நுரைக்கும். அதிலுள்ள தண்ணீர் ஆவியாகும் சத்தம் அது. நுரை அடங்கத் தொடங்கும்போது, நிறம் மாறுவதற்குள் முட்டையை ஊற்றுங்கள். இன்னும் விட்டால் வெண்ணெய் பழுப்பாகி முந்திரி வறுத்த வாசனை வரும். மீனுக்கு அது அருமை, இந்த ஆம்லெட்டுக்கு வேண்டாம். ஊற்றியதும் மரக்கரண்டியால் விடாமல் கிளறி, மேலே ஈரம் இருக்கும்போதே கிளறுவதை நிறுத்தி உருட்டித் தட்டில் தள்ளுங்கள். ஒரு நிமிடம், கூடிப்போனால் இரண்டு. மிளகாய், வெங்காயம் எதுவும் கிடையாது. சப்பென்று இருக்கிறதே என்று தோன்றினால் உப்பு போதவில்லை என்று அர்த்தம்.

அடுத்து பெஷமெல், அதாவது வெள்ளை சாஸ். அரை லிட்டர் பாலுக்கு வெண்ணெய் 30 கிராம், மைதா 30 கிராம். தராசு வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பூன் கணக்கில் சமமாகப் போட்டால் எடை சமமாகாது, மைதா கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஸ்பூன் பிடிக்கும். சிறு தீயில் வெண்ணெயில் மைதாவை இரண்டு நிமிடம், நிறம் மாறாமல், பச்சை வாசனை போகும்வரை கிளறுங்கள். பாலை ஒரேயடியாகக் கொட்டாமல் முதலில் ஒரு கரண்டி விட்டு, விழுதாகக் கலந்தபின் அடுத்த கரண்டி. மாவுத்துகள் ஒவ்வொன்றையும் வெண்ணெய் பூசியிருப்பதால் பொறுமையாக விட்டால் கட்டி தட்டாது. கொதி வந்தபின் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பலர் அவசரப்பட்டு இறக்கிவிடுவதால்தான் சாஸ் பசை மாதிரி வாயில் ஒட்டுகிறது. கடைசியில் உப்பு, கொஞ்சம் ஜாதிக்காய்த் துருவல். பாலுக்குப் பதில் கோழிச்சாறு ஊற்றினால் வெலூத்தே. ஐந்து தாய் சாஸில் இரண்டு வந்துவிட்டது பாருங்கள்!

மூன்றாவதுதான் என் கணக்கில் முக்கியமானது: கோழி வறுத்த சட்டியிலேயே சாஸ் செய்வது. இதற்கு நான்ஸ்டிக் ஆகாது, அடியில் எதுவும் ஒட்டாது. எவர்சில்வரோ இரும்போ, அடி கனமாக இருக்க வேண்டும். கோழித் தொடையைத் தோலோடு கேட்டு வாங்குங்கள். ஈரம் போகத் துடைத்து, உப்பு, மிளகு தடவி, கொஞ்சம் எண்ணெயில் தோல் பக்கம் கீழே இருக்கும்படி மிதமான தீயில் வையுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் தொடாதீர்கள். தானாக விட்டு வரும்போது திருப்பி, உள்ளே வெந்ததும் எடுத்து வையுங்கள்.

இப்போது சட்டி அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கும். அதைக் கழுவிவிட்டால் சாஸே போச்சு. ஒரு ஸ்பூன் கொழுப்பை மட்டும் விட்டு மீதியை வடித்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் நாலைந்தைப் போட்டு நிறம் மாறாமல் வதக்குங்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதில் போடும் எஷலோத்துக்கு நம் சின்ன வெங்காயம் நெருங்கிய உறவு, தயங்கவே வேண்டாம். ஒரு கப் கோழிச்சாறு ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கரைத்து, மூன்றில் ஒரு பங்காகச் சுண்டவிடுங்கள். ஒயின் தருகிற புளிப்புக்கு அரை ஸ்பூன் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு போதும். அடுப்பை அணைத்த பிறகு குளிர்ந்த வெண்ணெய் 20 கிராமைத் துண்டு துண்டாகப் போட்டுச் சட்டியைச் சுழற்றுங்கள். சாஸ் பளபளப்பாகக் கெட்டிப்படும். கொதிக்கும்போது போட்டால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். அப்படி ஆனால் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

கோழிச்சாறுக்குக் கடையில் விற்கும் கட்டிகளைத் தவிர்ப்பது நல்லது. அதிலிருக்கும் உப்பு சுண்டச் சுண்ட ஏறும். எலும்போடு வெங்காயம் இரண்டு பங்கு, கேரட் ஒரு பங்கு, செலரி ஒரு பங்கு சேர்த்து, உப்பில்லாமல், தளதளவென்று கொதிக்கவிடாமல் மூன்று மணி நேரம் வையுங்கள். சைவம் என்றால் எலும்பை விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் போதும்.

இந்தச் சாற்றில் வாசனைக்கு ஒரு இலையும் போடுவார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். பிரியாணி இலையில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், பட்டை வாசனை அடிக்கும். பிரெஞ்சு சமையலுக்கு வேண்டிய லாரல் இலையில் நடுவே ஒரு நரம்புதான். அது கிடைக்காவிட்டால் இலையே போடாமல், உலர்ந்த தைம் ஒரு சிட்டிகையும் நாலு மிளகும் போட்டுவிடுங்கள். தைமுக்குப் பதிலாக ஓமவல்லியைக் கிள்ளிப் போட வேண்டாம், சாறு முழுக்க அதுவே மணக்கும்.