பாலைவன மணலுக்கு இடமில்லாத தீவு

கேள்வி: துபாயில் பணிபுரியும் என் மகன், அங்குள்ள பேரீச்சை மர வடிவத் தீவுக்கான மணலைக் கடலுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள் என்கிறான். ஊரைச் சுற்றி மணலாகவே கிடக்கும்போது அதற்கு என்ன அவசியம்?
– வாசகர், அறந்தாங்கி

பதில்: தங்கள் மகன் சொல்வது உண்மை. பாம் ஜுமேரா எனப்படும் அத்தீவுக்குச் செலவான ஏறத்தாழ 9.4 கோடி கன மீட்டர் மணல் பாரசீக வளைகுடாவின் அடித்தரையிலிருந்தே எடுக்கப்பட்டது. பாலைவன மணல் காலங்காலமாகக் காற்றில் உருண்டு, உரசி, நுண்ணியதாகவும் வழவழப்பாகவும் ஆகிவிட்ட மணல். சமையலறையில் ஒரு தட்டில் கடுகையும் மற்றொன்றில் அரிசி நொய்யையும் குவித்துப் பாருங்கள். கடுகு பரவி ஓடிவிடும், நொய் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மேடாக நிற்கும். கடலடி மணல் நொய்யின் இனம். கரடுமுரடாக இருப்பதால், தண்ணீருக்குள் கொட்டினாலும் அது ஓரளவு இறுகும்.

2001ஆம் ஆண்டு தொடங்கிய இப்பணியில், நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ஊர்ட் நிறுவனத்தின் கப்பல்கள் கடலடி மணலைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி வயிற்றில் நிரப்பிக்கொண்டு வந்து, முகப்பிலுள்ள குழாய் வழியாக உரிய இடத்தில் பீய்ச்சின. அந்தக் கலங்கல் நீர் ஆகாயத்தில் வில்லாக வளைந்து விழுவதால், தொழிலில் இருப்பவர்கள் இதை 'ரெயின்போயிங்' என்கிறார்கள். இப்படிக் கொட்டிய மணல் தளர்ந்தே இருக்கும். நிலநடுக்கம் வந்தால் சேறாய் இளகிவிடும். வளைகுடாவின் எதிர்க்கரையிலுள்ள ஈரானில் நிலநடுக்கம் புதிதல்ல என்பதால், அதிரும் நீண்ட உலோகக் குழாய்களை மணலுக்குள் இறக்கி, நீரையும் செலுத்தி, இடம் இடமாகக் கெட்டிப்படுத்திய பிறகே வீடுகளுக்கு அடித்தளம் போட்டார்கள்.

கேள்வி: வட்டமாகவோ சதுரமாகவோ கட்டியிருந்தால் செலவு குறைந்திருக்குமே? பேரீச்சை வடிவம் விமானத்திலிருந்து பார்ப்பவர்களுக்காகவா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: விளம்பர நோக்கமும் உண்டு. திட்டத்தை நிறைவேற்றிய நக்கீல் நிறுவனத்தின் பெயருக்கே அரபியில் பேரீச்சை மரங்கள் என்றுதான் பொருள். ஆனால் உண்மையான காரணம் கடற்கரைக் கணக்கு. துபாய்க்கு இயற்கை தந்த கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர்தான். அதில் பெரும்பகுதி அப்போதே விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தது. வட்டத் தீவில் விளிம்பு மட்டுமே கரை, நடுவிலிருக்கும் நிலத்துக்குக் கடல் கிடையாது. அதே மணலைப் பேரீச்சை மட்டைகளைப் போல நீள நீளமாக நீட்டினால், ஒவ்வொரு மட்டையின் இருபுறமும் கரையாகிவிடும். நடுவே தெரு, தெருவின் இரு பக்கமும் வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் கொல்லையில் கடல். விற்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த ஆசைக்கான விலையும் உடனே வந்தது. மெல்லிய மணல் விரல்கள் அலைக்குத் தாங்காதவை என்பதால், அவற்றை அணைத்துப் பிறை வடிவில் சுமார் 11 கிலோமீட்டர் நீளத்துக்கு அலைத்தடுப்பு எழுப்ப வேண்டியிருந்தது. அதற்கும் தீவின் பிற கரைகளுக்குமாக ஏறத்தாழ 70 லட்சம் டன் பாறை வந்து சேர்ந்தது. அலையைத் தடுத்ததும் அடுத்த சிக்கல் எழுந்தது: மட்டைகளுக்கு இடையிலிருந்த நீருக்குப் போக்குவரத்து இல்லை, தேங்கத் தொடங்கியது. கோடிக் கணக்கில் செலவழித்துக் கொல்லையில் குட்டை வாங்க யார் வருவார்கள்? ஆகவே கட்டிய அலைத்தடுப்பையே இரண்டு இடங்களில் திறந்து, ஏற்றவற்றத்தில் நீர் மாறுவதற்கு வழிவிட்டார்கள். குளத்துக்கு மதகு வைக்கும் நம் ஊர்க்காரர் எவரும் முதலிலேயே கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது என்பது என் எண்ணம்.

கடலுக்கு நேர்ந்தது தனிக் கதை. கரையோரமாக மணலை நகர்த்திச் செல்லும் நீரோட்டம் தடைப்பட்டதால், நிலப்பகுதியின் கடற்கரைகளில் அரிப்பு கூடி, வெளியிலிருந்து மணலிட வேண்டிய நிலை வந்தது. கலங்கிய நீரும் படிந்த வண்டலும் அடித்தரை உயிர்களைப் பாதித்தன. அதே சமயம், அலைத்தடுப்புப் பாறைகளில் நாளடைவில் பவளமும் மீனும் குடியேறியிருக்கின்றன. இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

கேள்வி: உலக வரைபட வடிவில் கட்டிய தீவுகள் கடலில் மூழ்குகின்றன என்று படித்தேன். மெய்யா?
– வாசகர், திருச்சி

பதில்: மூழ்கிவிடவில்லை. கரையிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில் ஏறக்குறைய 300 சிறு தீவுகளாக 2003இல் தொடங்கிய 'தி வேர்ல்டு' திட்டத்தில், மணல் கொட்டும் வேலை முடிந்த 2008ஆம் ஆண்டிலேயே உலக நிதி நெருக்கடி வந்து சேர்ந்தது. வாங்கியவர்களில் பலர் கட்டவில்லை. 2011இல் படகுப் போக்குவரத்து நிறுவனம் ஒன்று தீர்ப்பாயத்தில் தொடுத்த வழக்கில், தீவுகள் கரைந்து கால்வாய்கள் தூர்ந்துவருவதாக வாதிடப்பட்டது. நக்கீல் அதை மறுத்தது. தாங்கள் படித்த செய்திக்கு அந்த வழக்கே மூலமாக இருக்கக்கூடும்.

என் பார்வையில் அங்கு மணலைவிடப் பாலம் இல்லாததுதான் பெரிய குறை. பாம் ஜுமேராவுக்குத் தரையோடு தொடர்பு உண்டு. சாலை, மின்சாரம், குடிநீர், கழிவுநீர் எல்லாம் அடிமரம் வழியாகவே போய்விடும். உலகத் தீவுகளுக்கோ செங்கல்லும் சிமெண்டும்கூடப் படகில்தான் போக வேண்டும். சில விடுதிகள் வந்துள்ளன. பல தீவுகள் இன்னும் வெறும் மணல்மேடுகளே. 2002இல் தொடங்கி இடையில் நின்றுபோன, பேரீச்சை வடிவிலான மற்றொரு தீவுத் திட்டமான பாம் ஜெபல் அலிக்கு 2023இல் மறுபடி உயிர் கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: அங்கு இந்தியர் வீடு வாங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வாங்கலாம். குறிப்பிட்ட பகுதிகளில் வெளிநாட்டவர் முழு உரிமையோடு சொத்து வாங்குவதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. பாம் ஜுமேராவும் அவற்றுள் ஒன்று. விலையோடு, ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய பராமரிப்புக் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் இரண்டு நாள் துபாயில் இருப்பேன். தீவில் எதைப் பார்ப்பது?
– வாசகி, சேலம்

பதில்: தரையில் நின்றால் பேரீச்சை மரம் தெரியாது, தெருவும் மதிலும் மாடிக் குடியிருப்புகளும்தான் தெரியும். மட்டைத் தெருக்களின் வாயிலில் காவல் உண்டு, வெளியாரை உள்ளே விடமாட்டார்கள். 2009 முதல் ஓடும் மோனோரயிலில் அடிமரத்தின் தொடக்கத்தில் ஏறிப் பிறையிலுள்ள அட்லாண்டிஸ் விடுதி நிலையம் வரை செல்லுங்கள். பாதை உயரத்தில் இருப்பதால் இருபுறமும் மட்டைகளும் அவற்றுக்கிடையே நீரும் மாறிமாறி வரும். இறங்கியபின் பிறையின் வெளிவிளிம்பில் உள்ள நடைபாதைக்கு வாருங்கள், கட்டணம் இல்லை. ஒரு பக்கம் ஆடம்பர விடுதிகளும் மறுபக்கம் அலை மோதும் பாறைகளுமாக இருக்கும். வெயில் தாழ்ந்தபின் போனால் நல்லது.